உங்க ஊரைப் பத்தி யாரோ பிஹெச்.டி பண்ணியிருக்காங்க... தேடிப் பார்த்திருக்கீங்களா?

கையில் ஒரு அட்டை, அதில் க்ளிப் போட்ட பத்துப் பக்கக் கேள்வித்தாள், தோளில் ஒரு பை. "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம்... ஆராய்ச்சி பண்றேன், சில கேள்வி கேட்கணும்" என்று வந்து திண்ணையில் உட்காருவார்கள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்கள், செண்பகத்தோப்புப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் எனப் பலரும் இப்படி ஒரு 'அஞ்சு நிமிஷ'த்தைக் கொடுத்திருப்பார்கள். மாச வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு, பிள்ளைங்க என்ன படிக்கிறாங்க என்று கேள்விகள் நீளும். அஞ்சு நிமிஷம் அரை மணி நேரமாகும். குடிக்க மோர் கொடுத்து அனுப்பி வைப்போம். அதோடு சரி.

அந்தக் கேள்வித்தாள் அதன் பிறகு எங்கே போனது?

பெரும்பாலும் அது ஏதோ ஓர் ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயத்தில் அட்டவணையாக உட்கார்ந்திருக்கும். உங்கள் தெருவின் வருமானம் சதவிகிதமாக மாறியிருக்கும். உங்கள் அத்தை சொன்ன பதில், பெயர் இல்லாமல் ஒரு பத்தியில் வந்திருக்கும். அதை எழுதியவருக்குப் பட்டம் கிடைத்திருக்கும். பதில் சொன்னவர்களுக்கு அந்தப் புத்தகம் கண்ணில்கூடப் பட்டிருக்காது.

நல்ல செய்தி என்னவென்றால், இன்று அப்படிப்பட்ட ஆய்வேடுகளில் பெரும்பகுதியை உங்கள் போனிலேயே, பத்துப் பைசா செலவில்லாமல் படிக்கலாம். எங்கே தேடுவது, எப்படித் தேடுவது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் உதாரணமாக வைத்துப் பார்க்கலாம் வாங்க. உங்கள் ஊர் வேறு என்றாலும் வழி ஒன்றுதான்.

கங்கையில் கலந்த ஆய்வேடுகள்

ஒரு காலத்தில் பிஹெச்.டி ஆய்வேடு என்றால் நாலைந்து பிரதிகள்தான். கெட்டி அட்டை, அதில் தங்க நிற எழுத்து. பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, கைடுக்கு ஒன்று, வீட்டு பீரோவுக்கு ஒன்று. யாராவது படிக்க வேண்டுமென்றால் அந்த ஊருக்குப் பஸ் ஏறிப் போக வேண்டும்.

2009-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி ஒரு விதி கொண்டு வந்தது. ஆய்வேட்டின் மின்பிரதியை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2016 விதிகளில், பட்டத்தை அறிவிப்பதற்கு முன்பே மின்பிரதியை அனுப்பிவிட வேண்டும் என்று இது இன்னும் இறுகியது. இதற்கான களஞ்சியம்தான் 'ஷோத்கங்கா'. குஜராத்தின் காந்திநகரில் இருக்கும் 'இன்ஃப்ளிப்நெட்' மையம் இதை நடத்துகிறது. 'ஷோத்' என்றால் ஆராய்ச்சி. பல ஆறுகள் வந்து கலக்கும் கங்கை மாதிரி, பல பல்கலைக்கழகங்களின் ஆய்வுகள் வந்து சேரும் இடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கே 4 லட்சத்துக்கும் அதிகமான ஆய்வேடுகள் இருக்கின்றன.

நம் பகுதி கல்லூரிகள் பலவும் இணைந்திருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகம், பக்கத்து மாவட்டத்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், கிருஷ்ணன்கோவிலில் இருக்கும் கலசலிங்கம் பல்கலைக்கழகம் என எல்லாவற்றின் ஆய்வேடுகளும் இதில் உண்டு. லாகின் வேண்டாம், பணம் வேண்டாம், காலேஜ் ஐ.டி வேண்டாம். கூகுளில் 'ஷோத்கங்கா' என்று ஆங்கிலத்தில் போட்டாலே முதலில் வந்துவிடும்.

"தேடினேன், ஒண்ணுமே வரலையே!"

முதல் தடவை தேடும் பலரும் சொல்வது இதுதான். ஊர்ப் பெயரை அடிப்பார்கள், நாலு முடிவு வரும், மூடிவிட்டுப் போய்விடுவார்கள். பிரச்னை பெரும்பாலும் களஞ்சியத்தில் இருக்காது. நாம் ஊரைக் கூப்பிடும் பெயரும், ஆய்வேடு அதைக் கூப்பிடும் பெயரும் வேறு வேறாக இருக்கும். அதில் ஐந்து விஷயங்களைக் கவனித்தால் போதும்.

*1. ஸ்பெல்லிங்:* 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம்? 'புத்தூரி'ல் 'டி'யோடு 'ஹெச்' போடுபவர்கள் உண்டு. இரண்டு 'டி' போடுபவர்கள் உண்டு. 'ஸ்ரீ'யைத் தனியாகப் பிரித்து எழுதுபவர்களும் உண்டு. 'ராஜபாளைய'த்தில் 'ளை'க்கு வெறும் 'ஏ' போடுபவர்களும், 'ஏ'யோடு 'ஐ' சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். தேடுபொறிக்கு இவை எல்லாம் வெவ்வேறு ஊர்கள். ஆகவே குறைந்தது மூன்று ஸ்பெல்லிங்கிலாவது தேடுங்கள்.

*2. பழைய மாவட்டம்:* இதுதான் பலருக்கும் தோன்றாத விஷயம். விருதுநகர் மாவட்டம் என்று இன்று நாம் சொல்வது, 1985-ல் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 'காமராஜர் மாவட்டம்' என்ற பெயரில் உருவானது. ராமநாதபுரம் மாவட்டமே 1910-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டதுதான். அதற்கு முன்பு ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலிச் சீமையில் இருந்தது. போதாததற்கு, ராஜபாளையம் தனித் தாலுகா ஆவதற்கு முன்பு ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவுக்குள் இருந்தது.

இதனால் என்ன? 1980-ல் எழுதிய ஆய்வில் நம் ஊர் 'ராம்நாட் மாவட்ட'த்தில் இருக்கும். 1990-ல் எழுதியதில் 'காமராஜர் மாவட்ட'த்தில் இருக்கும். வெள்ளைக்காரர் கால நில வரியைப் பற்றிய வரலாற்று ஆய்வில் 'டின்னவெல்லி'யில் இருக்கும். 'விருதுநகர்' என்று மட்டும் தேடினால் இவை எதுவுமே வலையில் சிக்காது.

*3. தலைப்பு ஃபார்முலா:* வணிகவியல், பொருளாதாரம், மேலாண்மை ஆய்வேடுகளின் தலைப்பைப் பார்த்தால் ஒரு டெம்ப்ளேட் தெரியும். 'எ ஸ்டடி ஆன்...' என்று ஆரம்பித்து '...வித் ஸ்பெஷல் ரெஃபரன்ஸ் டு விருதுநகர் டிஸ்ட்ரிக்ட்' என்று முடியும். கிண்டல் பண்ண வேண்டாம், தேடுகிறவர்களுக்கு இது வரம். ஊர்ப் பெயர் தலைப்பில் இருக்காது, மாவட்டப் பெயர் இருக்கும். மாவட்டத்தின் பெயரையும் தொழிலின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். உள்ளே போனால் நம் ஊர் இருக்கும்.

*4. துறையின் சொல்:* நாம் 'பால்கோவா' என்போம். பால் தொழில்நுட்பத் துறை அதை 'கோவா' என்ற பொதுப் பெயரில் வைத்திருக்கலாம். பொருளாதாரத் துறை 'பால் கூட்டுறவுச் சங்கம்' என்று எழுதும். சட்டத் துறை 'புவிசார் குறியீடு' என்று எழுதும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் அந்தக் குறியீடு கிடைத்தது. ஒரே இனிப்பு, மூன்று துறை, மூன்று தேடல் சொல்.

*5. மொழி:* தமிழ்த்துறை ஆய்வேடுகள் தமிழில்தான் இருக்கும். ஆனால் களஞ்சியத்தில் அவற்றின் தலைப்பைச் சிலர் தமிழ் எழுத்தில் ஏற்றியிருப்பார்கள், சிலர் ஆங்கில எழுத்தில் ஏற்றியிருப்பார்கள். 'ஆய்வு' என்ற சொல்லையே மூன்று விதமாகப் பார்க்கலாம். தமிழிலும் தேடுங்கள், 'தங்கிலீஷி'லும் தேடுங்கள்.

மூணு தேடல், மூணு பாதை

சும்மா சொன்னால் புரியாது. நம் ஊர் விஷயங்கள் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

அணில்: மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் 1988-ல் அறிவிக்கப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம். 2021 பிப்ரவரியில் இது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனது. இந்த அணிலைப் பற்றித் தேட 'அணில்' என்பதற்கான ஆங்கிலச் சொல் போதாது. உயிரியல் துறையில் எல்லா உயிருக்கும் ஓர் அறிவியல் பெயர் உண்டு, அது எந்த நாட்டிலும் மாறாது. இந்த அணிலின் பெயர் 'ரட்டூஃபா மேக்ரோரா'. அதை ஆங்கிலத்தில் அடித்தால் இலங்கையில் நடந்த ஆய்வும் வரும், கேரளாவின் சின்னாரில் நடந்த ஆய்வும் வரும்.

இங்கே இன்னொரு உத்தி. கூகுள் ஸ்காலரில் இந்தப் பெயரைத் தேடினால், ஜோஷுவாவும் ஏ.ஜே.டி.ஜான்சிங்கும் 1994-ல் 'பயாலஜிக்கல் கன்சர்வேஷன்' இதழில் எழுதிய ஆய்வுக் கட்டுரை கண்ணில் படும். தென்னிந்தியாவில் மனிதர்களின் நடமாட்டத்தால் இந்த அணிலின் வாழிடத்துக்கும் எண்ணிக்கைக்கும் என்ன ஆகிறது என்பதைப் பற்றியது அது. ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே 'சைட்டட் பை' என்று ஒரு எண் இருக்கும். அதைத் தொட்டால், அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டி அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் வரிசையாக வரும். கட்டுரையின் கடைசியில் உள்ள நூற்பட்டியல் பின்னோக்கிக் கூட்டிப்போகும், 'சைட்டட் பை' முன்னோக்கிக் கூட்டிப்போகும். ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் போதும், ஒரு குடும்பமே கிடைத்த மாதிரி.

காட்டுயிர் விஷயத்தில் இன்னொரு திருப்பமும் உண்டு. டேராடூனில் இருக்கும் இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் நடந்த ஆய்வுகள் பல, குஜராத்தின் சௌராஷ்டிரா பல்கலைக்கழகத்தின் பெயரில் பட்டம் பெற்றவை. அதனால், நம்ம காட்டைப் பற்றிய ஆய்வு நம்ம பல்கலைக்கழகத்தில்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆண்டாள்: தமிழில் 'ஆண்டாள்', 'கோதை'. வடமொழி வழியில் 'கோதா'. வெளிநாட்டு ஆய்வாளர்கள் எழுத்துக்கு மேலே கோடும் கீழே புள்ளியும் போட்டு, நடுவில் 'டி' வருமாறு எழுதுவார்கள். நம்மவர்கள் வழக்கமாக ஆங்கில 'டி' வரிசையில் வேறு எழுத்தைப் போடுவோம். அதனால் 'ஆண்டாள்' என்பதை இரண்டு ஸ்பெல்லிங்கிலும், கூடவே 'கோதா' என்றும் தேட வேண்டும்.

அப்படித் தேடினால் கடல் கடந்தும் போகலாம். ஆண்டாளைக் கவிஞராகவும் தெய்வமாகவும் வைத்துப் பார்த்து அர்ச்சனா வெங்கடேசன் 2004-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முனைவர் பட்ட ஆய்வேடு கொடுத்தார். திருப்பாவை, நாச்சியார் திருமொழி இரண்டையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அவரது புத்தகம் 2010-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. ஆய்வேடு கைக்குக் கிடைக்காவிட்டால், அதே ஆசிரியர் பின்னாளில் எழுதிய புத்தகத்தைத் தேடுங்கள் என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். ஈழத்துப் பேராசிரியர் க.கைலாசபதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வுதான், 1968-ல் தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றிய ஆங்கிலப் புத்தகமாக வெளிவந்தது. நூலக அலமாரியில் நாம் பார்க்கும் பல கனமான புத்தகங்கள் ஒரு காலத்தில் யாரோ ஒரு மாணவரின் தீசிஸ்தான்.

மில்: பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதற்குப் பிறகு ஊரே நூற்பாலைகளோடு வளர்ந்தது. மில்லைப் பற்றி எத்தனை துறைகள் எழுதலாம் என்று யோசித்துப் பாருங்கள். வணிகவியல் லாப நஷ்டம் பார்க்கும். சமூகவியல் பெண் தொழிலாளர்களைப் பார்க்கும். ஜவுளிப் பொறியியல் நூலின் தரத்தைப் பார்க்கும். வரலாற்றுத் துறை தொழிற்சங்கத்தைப் பார்க்கும். மருத்துவத் துறை பஞ்சுத் தூசியால் நுரையீரலுக்கு வரும் 'பிஸினோசிஸ்' நோயைப் பார்க்கும்.

அந்தக் கடைசி விஷயத்துக்கு ஷோத்கங்கா போதாது. எம்.டி, எம்.எஸ் படிக்கும் டாக்டர்கள் எழுதும் ஆய்வேடுகளுக்குத் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகம் தனியாக ஒரு களஞ்சியமே வைத்திருக்கிறது. இதுவும் இலவசம்தான். வீட்டில் தாத்தா நாற்பது வருஷம் மில்லில் வேலை பார்த்து, இப்போது இருமிக்கொண்டிருக்கிறார் என்றால், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும். மருந்து முடிவு செய்ய மட்டும் இதை நம்ப வேண்டாம், அது டாக்டர் வேலை.

கங்கையைத் தாண்டி...

* கிரிஷிகோஷ்: வேளாண்மை, கால்நடை ஆராய்ச்சிகளுக்கான களஞ்சியம். ராஜபாளையம் நாய், மா, தென்னை, பருத்தி என்று எதுவானாலும் இங்கேயும் ஒரு எட்டுப் பாருங்கள்.

* ஓ.ஏ.டி.டி, என்.டி.எல்.டி.டி: உலகம் முழுக்க இலவசமாகக் கிடைக்கும் ஆய்வேடுகளை ஒரே இடத்தில் தேடித் தரும் தளங்கள். அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ நம் ஊரைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் இங்கே பிடிக்கலாம்.

* ப்ரோக்வெஸ்ட்: மிகப் பெரிய களஞ்சியம், ஆனால் காசு. உங்கள் கல்லூரியோ பல்கலைக்கழகமோ சந்தா கட்டியிருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். கட்டவில்லை என்றாலும், தலைப்பும் சுருக்கமும் தெரிந்துவிட்டால் அதே ஆய்வேட்டை அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

* நூலகம்: 2005-ல் தொடங்கிய இலங்கைத் தமிழ் மின்நூலகம். மலையகம், யாழ்ப்பாணம் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தொடாமல் போகவே முடியாது.

இணையத்தில் இருக்கிறது என்றால் என்றைக்கும் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டன் ஆய்வேடுகளுக்கான 'ஈத்தோஸ்' சேவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருந்தது. 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் மீது நடந்த சைபர் தாக்குதலில் அது முடங்கிப்போனது. முக்கியமான ஆய்வேடு கிடைத்தால் லிங்க்கை மட்டும் வைத்துக்கொள்ளாமல், பி.டி.எஃப்-ஐயும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நெட்ல இல்லைன்னா?

ஷோத்கங்காவில் இருப்பவை பெரும்பாலும் பிஹெச்.டி ஆய்வேடுகள். ஆனால் நம் ஊர்களைப் பற்றி, தெருத்தெருவாக இறங்கி எழுதியவை நிறைய எம்.ஃபில் ஆய்வேடுகள்தான். ஒரு கோயில் திருவிழா, ஒரு பஞ்சாயத்து, ஒரு கூட்டுறவு சங்கம் என்று சின்ன விஷயத்தை எடுத்து ஒரு வருஷத்தில் முடிப்பார்கள். 2022-ல் வந்த யு.ஜி.சி விதிகளோடு எம்.ஃபில் படிப்பே நிறுத்தப்பட்டுவிட்டது. இனி புதிதாக எழுதப்போவதில்லை. எழுதியவை கல்லூரி நூலகங்களின் மேல்தட்டிலும், துறை அறையின் பீரோவிலும் தூசி படிந்து கிடக்கின்றன.

அதைப் பார்க்க ஒரு வழிதான் இருக்கிறது: நேரில் போவது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தெ.பொ.மீ நூலகம் மாதிரியான இடங்களில் ஆய்வேடுகளைத் தனிப் பிரிவில் வைத்திருப்பார்கள். வெளி ஆள் என்றால், உங்கள் கல்லூரி துறைத் தலைவரிடம் ஒரு கடிதம், ஒரு அடையாள அட்டை இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் ஒரு போன் பண்ணிக் கேட்பது நல்லது. பல இடங்களில் உட்கார்ந்து படித்துக் குறிப்பு எடுக்க விடுவார்கள், முழுசாக ஜெராக்ஸ் எடுக்க விடமாட்டார்கள். முதலில் நூலகரிடம் பேசுங்கள். எந்த சார் எந்த வருஷம் எதைப் பற்றிப் பண்ணினார் என்பது கம்ப்யூட்டரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

300 பக்கத்தை 20 நிமிஷத்தில்...

ஷோத்கங்காவில் ஓர் ஆய்வேட்டைத் திறந்தால் ஒரே ஃபைலாக இருக்காது. தலைப்புப் பக்கம், சான்றிதழ், உள்ளடக்கம், ஒவ்வோர் அத்தியாயம் எனத் தனித்தனி பி.டி.எஃப்-களாக இருக்கும். பயந்துவிடாதீர்கள், போனில் படிக்க இதுதான் வசதி. கதைப் புத்தகம் மாதிரி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கவும் வேண்டாம். இந்த வரிசையில் போங்கள்:

1. சுருக்கம். பதிவுப் பக்கத்திலேயே இருக்கும். நமக்கு வேண்டியதா, இல்லையா என்று இதிலேயே தெரிந்துவிடும்.

2. முடிவுரை. பட்டியலில் '80' என்ற எண்ணோடு 'ரெகமெண்டேஷன்' என்று ஒரு ஃபைல் இருக்கும். பெரும்பாலும் முடிவுரை அதில் இருக்கும்.

3. ஆய்வு முறை. எத்தனை பேரிடம் கேட்டார்கள், எந்த வருஷம் கேட்டார்கள், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இங்கேதான். ரெண்டு மில்லில் நூறு பேரைக் கேட்டுவிட்டு 'ராஜபாளையம் தொழிலாளர்கள் அனைவரும்' என்று எழுதியிருந்தால், அந்த 'அனைவரும்' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

4. அட்டவணைகளும் வரைபடங்களும். ஆசிரியர் சொல்லாத விஷயம்கூட சில சமயம் அட்டவணையில் இருக்கும்.

5. நூற்பட்டியல். அடுத்த தேடலுக்கான சாவி.

இன்னொரு சின்ன உத்தி: பதிவுப் பக்கத்தில் கைடின் பெயரைத் தொட்டுப் பாருங்கள். அதே நெறியாளரிடம் ஆய்வு செய்த மற்றவர்களின் ஆய்வேடுகளும் வரும். ஒரு பேராசிரியர் பருத்தி விஷயத்திலேயே இருபது வருஷம் மாணவர்களை வழிநடத்தியிருந்தால், அந்த இருபது வருஷமும் உங்கள் முன்னால் வரிசையாக நிற்கும்.

எல்லா ஆய்வேடும் நல்ல ஆய்வேடு என்று சொல்லவில்லை. பட்டத்துக்காக மட்டும் எழுதியவை உண்டு. பழைய எண்ணையே புதுசாக மாற்றி எழுதியவையும் உண்டு. ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு மூன்று ஆய்வேடுகளை ஒப்பிட்டுப் பார்த்தால், எது நேர்மையாக அலைந்து எழுதியது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

'கன்ட்ரோல் சி' பண்ணலாமா?

இந்தக் கட்டுரையைப் படிக்கும் சிலருக்கு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் நெருங்கிக்கொண்டிருக்கும். "ஷோத்கங்கால எடுத்து அப்படியே ஒட்டிட்டா?" என்று மனசு கேட்கும். கேட்கட்டும், பதில் இதுதான்.

ஷோத்கங்காவில் உள்ளவற்றைப் படிக்கலாம், இறக்கலாம், ஆசிரியர் பெயரைச் சொல்லி மேற்கோள் காட்டலாம். வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பெயர் சொல்லாமல் எடுத்தால் அது திருட்டு. 2018-ல் யு.ஜி.சி கொண்டு வந்த விதிப்படி, ஆய்வேட்டில் 10 சதவிகிதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 40-லிருந்து 60 வரை என்றால் ஒரு வருஷத்துக்குத் திருத்தியதைக் கொடுக்கவே முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. இதைக் கண்டுபிடிக்க 'ஷோத்சுத்தி' என்ற திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கு மென்பொருளே கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் எடுக்கும் அதே கங்கையில்தான் அவர்களும் தேடுவார்கள்!

காசு கொடுத்து ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்குவது இதைவிட மோசம். பல ஆயிரம் ரூபாய் கேட்பார்கள், அதே ஃபைலை இன்னும் பத்து பேருக்கு விற்றிருப்பார்கள். வைவாவில் "சாம்பிள் எப்படி எடுத்தீங்க?" என்று ஒரு கேள்வி வந்தால் முழிக்க வேண்டியதுதான். அந்தக் காசுக்கு நாலு தடவை பஸ்ஸில் போய் நாற்பது பேரைப் பார்த்துப் பேசிவிட்டு வரலாம். சின்னதாக இருந்தாலும் அது உங்கள் ஆய்வு.

பதில் சொன்னவங்களுக்கு என்ன கிடைச்சது?

ஒரு ஆய்வேட்டில் பேண்டேஜ் நெசவு செய்யும் குடும்பங்களின் கடன் கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூலியை உயர்த்தச் சொல்லிப் பேச்சுவார்த்தைக்குப் போகும் நெசவாளர்களின் கையில் அந்த அட்டவணை இருந்தால், பேச்சின் தொனியே மாறும். மலையடிவாரத் தோப்பில் காட்டுப்பன்றியாலும் யானையாலும் எவ்வளவு நஷ்டம் என்று ஒருவர் அளந்து வைத்திருந்தால், இழப்பீடு கேட்டு மனு எழுதும் விவசாயிக்கு அது ஆதாரம். பால் கூட்டுறவு சங்கத்தில் இருக்கும் ஒரு அக்காவுக்கு, பக்கத்து மாவட்டச் சங்கம் எப்படி லாபம் பார்த்தது என்று ஒருவர் எழுதியிருப்பது தெரிந்தால், அடுத்த கூட்டத்தில் கேள்வி கேட்கலாம்.

இதெல்லாம் எங்கேயோ இருக்கும் ரகசியம் கிடையாது. அவர்களிடம் கேட்டு எழுதியதுதான், பொதுவில் வைத்திருப்பதுதான். ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கிறது, பி.டி.எஃப்-ல் இருக்கிறது, அவர்களுக்குத் தெரியாத ஒரு பெயரில் இருக்கிறது. நடுவில் ஒரு ஆள் வேண்டும். போனும், கொஞ்சம் ஆங்கிலமும், கொஞ்சம் பொறுமையும் இருக்கும் ஆள். வீட்டில் அது யார்? நீங்கதானே!

நீங்களே ஆய்வு செய்பவர் என்றால் இன்னும் எளிது. கேள்வித்தாளோடு போகும்போதே, "முடிச்சதும் இதோட சுருக்கத்தைத் தமிழ்ல ரெண்டு பக்கம் கொண்டுவந்து தர்றேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்னபடி கொடுக்கவும் செய்யுங்கள். அந்த ஊரில் அடுத்து வரும் மாணவருக்கு மோரும் கிடைக்கும், உண்மையான பதிலும் கிடைக்கும்.

இந்த வாரக் கடைசியில் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஊர்ப் பெயரை மூன்று ஸ்பெல்லிங்கில், மாவட்டத்தின் பழைய பெயரில், வீட்டுத் தொழிலின் ஆங்கிலப் பெயரில் எனத் தேடிப் பாருங்கள். ஏதாவது கிடைத்தால் முடிவுரையை மட்டும் படித்து, அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவருக்குத் தமிழில் சொல்லுங்கள். "இதெல்லாம் சரிதான்பா, ஆனா இந்த இடத்துல தப்பா எழுதியிருக்கான்" என்று அவர் சொல்லக்கூடும். குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆய்வேட்டுக்கான தலைப்பு அதுவாகக்கூட இருக்கலாம்.